செம்பாக்கத்து நீலம்

ஹில்டா வளர்த்தவற்றில் பெரும்பாலானவை, வளர்ந்த சில நாள்களிலேயே அவள் கையால் அவிக்கப்பட்டுவிடும். நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கூடத்துத் தொழில்நுட்ப உதவியாளர்களின் வாழ்க்கை அப்படித்தான். வட்டத் தட்டுகளில் விதைப்பார்கள். வளர்ந்ததை எண்ணுவார்கள், அளப்பார்கள், படம் எடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் பையில் கட்டி, ஆட்டோகிளேவ் என்னும் பெரிய நீராவிக் கொப்பரைக்குள் இறக்கிவிடுவார்கள். நீராவி சீறி அடங்கும்போது, பல நாள் உழைப்பு ஆறிய கஞ்சியைப் போலக் குழைந்து கிடக்கும். அதற்காக வருந்துகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. ஹில்டாவும் வருந்தியதில்லை. தான் வளர்த்தவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் அவள் தன்னுடையதாக எண்ணியிருந்தாள். அதை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் 'செம்பாக்கத்து நீலம்' என்று அழைத்தார்கள்.

அது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். தட்டில் வளரும்போது, விபூதியை விரல்நுனியால் தொட்டு வைத்ததைப் போலச் சாம்பல் நிறத்தில் சிறு சிறு பொட்டுகளாகத் தோன்றும். அந்தப் பொட்டுகளைக் காலனிகள் என்பார்கள். ஓட்ஸ் கஞ்சியை வடிகட்டி உறையவைத்த தட்டில் அதை இட்டு, அவசரப்படாமல் காத்திருந்தால், ஒரு காலைப்பொழுதில் ஒவ்வொரு பொட்டுக்கும் அடியிலிருந்து நீலம் கசியத் தொடங்கியிருக்கும். மையைக் கொட்டியது போன்ற நீலமன்று அது. மழை விட்டபின் மேகத்தின் கிழிசல் வழியாகச் சற்று நேரம் தெரிந்து மறையுமே, அந்த வானத்தின் நீலம். தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால், அது பார்க்கிறவரின் விரல்களின்மேலும் படியும்.

அந்த நீலத்திடம் ஹில்டா வந்து சேர்ந்த வழி நேரானதன்று. தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பை முடித்ததும், மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படியின் கீழ் இயங்கிய ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். விரல்நுனியில் ஊசி குத்தும்போது குழந்தைகளிடம் விமானத்தைக் காட்டுவது அவள் வழக்கம். விமானப்படைத் தளத்திலிருந்து காலை முழுவதும் பயிற்சி விமானங்கள் வட்டமிட்டுக்கொண்டிருக்கும் ஆதலால், அந்த உபாயம் ஒருநாளும் பொய்த்ததில்லை. அங்கே அவள் கற்றுக்கொண்டது, சோதனையின் முடிவை முகத்தில் காட்டாமலிருப்பது.

அடுத்து மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். அடுக்குமாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. கேன் தண்ணீர் நிலையங்களிலிருந்தும் லாரிகளிலிருந்தும் வந்த நீரைத் தட்டுகளில் ஊற்றி, அதில் ஏதேனும் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். எதுவும் வளராவிட்டால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஓரத்தில் கோணலும் சுருக்கமுமாக ஏதாவது தலைகாட்டினால், தண்ணீர் கெட்டது, அல்லது சோதித்தவளின் கை சுத்தமில்லை என்று பொருள். ஹில்டா, கை சுத்தமானவள் என்று அந்தக் கூடத்தில் பெயர் வாங்கினாள். சுடரில் கம்பியைக் காய்ச்சுவதிலும், மூடியைப் பாதி மட்டும் திறப்பதிலும், திறந்த தட்டின்மேல் மூச்சு விழாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதிலும் அவளுக்கு ஒரு லயம் கூடி வந்தது.

பின்னர் வேளச்சேரி சாலையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஏரி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைத் தேடும் திட்டத்திற்குத் தற்காலிக உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு நேர்காணலுக்குப் போனாள். அறையில் தனசிங் என்னும் விஞ்ஞானி மட்டும் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்குத் தலை நரைத்திருக்கவில்லை. நல்ல தட்டு என்று எதைச் சொல்வீர்கள் என்று அவர் கேட்டார்.

"எதுவும் வளராத தட்டு சார்."

தனசிங் சிரித்துவிட்டார். "இங்க அப்படி ஒரு ப்ளேட் வந்தா நாங்க அழுவோம். பரவாயில்ல, நாளைக்கே வந்துடுங்க."

அந்த மழைக்காலத்தில் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்ட தனசிங்கின் பின்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெருங்களத்தூரிலிருந்து மாடம்பாக்கம்வரை ஏரி ஏரியாக அவள் நடந்தாள். செம்பாக்கம் ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடந்த ஓரிடத்தில், இலைகளை விலக்கிக் கருஞ்சேற்றைக் கரண்டியால் வழித்தெடுத்தது அவள்தான். அந்தச் சேற்றிலிருந்துதான், சில வாரங்கள் கழித்து, நீலம் வந்தது. அதன் அருகே நோய்க்கிருமிகளை விதைத்தால் அவை கிட்டே அண்டாமல் ஒரு வட்டம் விட்டு ஒதுங்கின. தனசிங் மாடியிலிருந்த எல்லாரையும் அழைத்துவந்து காட்டினார். திட்டம் நீண்டது. தற்காலிக வேலை ஒப்பந்த வேலையாயிற்று. ஒப்பந்தம் ஒருநாள் நிரந்தரமாயிற்று. நிறுவனத்தில் யார் வந்தாலும் போனாலும், நீலத்தை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு ஹில்டாவிடமே இருந்தது.

உயிரோடு வைத்திருப்பது என்றால், சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புது வீட்டுக்கு மாற்றுவது. பழைய குழாயிலிருந்து சிறிது எடுத்துத் தட்டில் பரப்புவாள். வளர்ந்ததும், நல்லவையாகப் பார்த்து நாலைந்து காலனிகளைக் கம்பி நுனியில் ஒற்றியெடுத்து, புதுக் குழாய்க்குள் பூசுவாள். இந்த வேலைக்கு ஓட்ஸ் தேவையில்லை. சாதாரண உணவே போதும். அதில் நீலம் தெரியாது. உயிர் மட்டும் இருக்கும். அவள் பரப்பிய தட்டுகள் இஸ்திரி போட்ட சட்டையைப் போலிருக்கும். வெளியூரிலிருந்து யாராவது வந்தால், தனசிங் முதலில் அந்தத் தட்டுகளைத்தான் எடுத்துக் காட்டுவார்.

வெள்ளம் வந்த ஆண்டில் மின்சாரம் பல நாள்கள் இல்லாமல் போய், ஜெனரேட்டரும் நின்று, கடுங்குளிர்ப் பெட்டிக்குள் உறையவைத்திருந்த நீலத்தின் பழைய சேமிப்புகள் எல்லாம் உருகி வீணாயின. குளிர் அறையிலிருந்த ஹில்டாவின் குழாய்கள் பிழைத்தன. மறுபடியும் பெட்டியை நிரப்பியது அந்தக் குழாய்களிலிருந்துதான். அதன்பின் நிறுவனத்தின் கவனம் வேறு திட்டங்களின்பால் திரும்பிற்று. நீலத்தைக் கேட்பார் இல்லை. ஆயினும் அவள் மாற்றுவதை நிறுத்தவில்லை. யாரும் கேட்காத அந்த ஆண்டுகளில், தட்டு மூடியைத் திறந்ததும் எழும் முதல் மழையின் மண்வாசனையே தனக்குக் கூலி என்பதுபோல் இருந்தாள்.

பிறகு ஜெரூஷா வந்தாள். காட்டாங்குளத்தூரில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்காகத் தனசிங்கிடம் சேர்ந்த பெண். நீலப் பொருளைப் பிரித்தெடுத்து, அது நோய்க்கிருமிகளை எவ்வாறு கொல்கிறது என்று கண்டுபிடிப்பதே அவளுடைய ஆய்வு. முதல் ஆண்டில் நீலம் வந்தது. ஆனால் சற்று வெளிறியிருந்தது. இரண்டாம் ஆண்டில் தட்டுக்குத் தட்டு அங்கங்கே மட்டும் திட்டுத்திட்டாய் வந்தது. இந்த ஆண்டு ஆடி மாதம் கழிந்தபின் அடுக்கிய தட்டுகளில் ஒன்றில்கூட அது இல்லை. சாம்பல் பூத்த பொட்டுகள் வரிசையாக, வட்டமாக, கொள்ளை அழகாக நின்றன. அவற்றின் அடியில் ஓட்ஸ் உறைந்த வெண்மை மட்டுமே இருந்தது.

முதலில் ஓட்ஸைச் சந்தேகித்தார்கள். ஹில்டா கேம்ப் ரோட்டு மளிகைக் கடைகளில் இருந்த எல்லா வகை ஓட்ஸையும் வாங்கிவந்து, விதவிதமாகக் கஞ்சி காய்ச்சினாள். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கும் பச்சையம்மா, கதவில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா ஹில்டாம்மா, கிருமிக்கு வேளாவேளைக்கு ஓட்ஸு காச்சிக்கினு கீற. நானும் பத்து வருசமா இங்கதான் கீறேன், எனுக்கு ஒரு டம்ளர் குட்துக்கிறியா?"

"நீ நீலமா மாறுவேன்னு சொல்லு, தரேன்."

"இந்த மெட்ராசு வெயில்ல கறுத்ததே போதும்" என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு தண்ணீரை மாற்றினார்கள், வெப்பத்தை மாற்றினார்கள், தட்டு வாங்கும் கடையை மாற்றினார்கள். கடுங்குளிர்ப் பெட்டியில் இருந்தவை ஆண்டுதோறும் ஹில்டாவின் குழாய்களிலிருந்தே புதுப்பிக்கப்பட்டவை; அவற்றை எடுத்து எழுப்பியபோது அவையும் வெள்ளையாகவே எழுந்தன. டிசம்பரில் ஆய்வுக்குழு கூடும் என்றும், அதற்குள் நீலம் திரும்பாவிட்டால் ஜெரூஷா தலைப்பை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றும் தனசிங் சொன்னார். கடிந்து சொல்லவில்லை, ஓர் இழப்புச் செய்தியைத் தெரிவிக்கும் குரலில் சொன்னார். ஜெரூஷா தலையை ஆட்டிவிட்டுப் போய், விடுதி அறைக்குத் திரும்பாமல், வளாகத்திலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஹில்டா அதைச் சன்னல் வழியே கண்டாள்.

அந்த நாள்களில் ஹில்டாவுக்குப் பகலிலேயே கனவுகள் வரத் தொடங்கின. ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி நிற்கும். முன்னால் நிற்கும் தண்ணீர் லாரியின் அடியிலிருந்து சொட்டும் நீர் நீலமாக இருக்கும். அது சாலையில் கோடாக ஓடி, ஏரியில் கலந்து, ஆகாயத்தாமரை வேர்களை நனைத்துக்கொண்டு, குழாய் வழியாக அடுக்குமாடிகளுக்கு ஏறும். பால்கனிகளில் காயும் துணிகளெல்லாம் நீலமாகும். பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து, அந்த நீலத்தைச் சிறகில் தொட்டுக்கொண்டு எழும்பும். யாராவது "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார்கள். கண் விழித்தால், லாரியின் அடியில் சாதாரண நீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

தான் செத்துப்போனாலும் வாழும் என்று அவள் எண்ணியிருந்த ஒன்று, தான் உயிரோடிருக்கும்போதே, தன் கைக்குள்ளேயே, எங்கோ போய்விட்டது. எப்போது போயிற்று என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஜெரூஷா தான் படித்ததை எடுத்துச் சொன்னாள். இவ்வகை நுண்ணுயிர்களின் மரபிழை நுனிகள் எளிதில் அறுந்துவிடுமாம். நிறம் உண்டாக்கும் மரபுக் குறிப்பு அந்த நுனியிலேயே இருந்தால், அறுந்தவற்றுக்கு நிறம் செய்யும் வேலை மிச்சம். அதனால் அவை வேகமாகவும் கொழுகொழுவென்றும் வளருமாம். மாற்றி மாற்றி வளர்க்கிற எல்லா இடங்களிலும் இது நேர்வதுதானாம். "யார் பண்ணாலும் இப்படித்தான்க்கா ஆகியிருக்கும்" என்று அவள் சொன்னது ஆறுதலுக்காகத்தான். ஹில்டா எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வேகமாக, கொழுகொழுவென்று என்னும் சொற்கள் அவளுடைய மனத்தில் எங்கோ இடறின; ஆனால் எதில் இடறின என்று அப்போது பிடிபடவில்லை.

அன்று மாலை அவளுடைய கணவர் ஏசுதாசன் வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். மறைமலை நகரில், கார்களுக்கு உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தரம் பார்ப்பவர் அவர். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த ஒருவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். சற்றே கோணலாக இருந்த ஒரு வளையத்தை அவன் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்காவது உதவும் சார் என்று கெஞ்சினானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? ஒரே மாதிரி இல்லாத பீஸு எதுவா இருந்தாலும் சிவப்புத் தொட்டிதான். யோசிக்கவே கூடாது. யோசிச்சா லைன் நின்னுடும்."

இருபத்தைந்து ஆண்டு மணவாழ்வில், தம் வேலைகள் இரண்டும் இவ்வளவு ஒத்திருக்கும் என்று ஹில்டா நினைத்ததில்லை. கணவருடைய கைகளைப் பார்த்தாள். அவை தேநீர்க் கோப்பையின் விளிம்பைத் தாமாகவே தடவி, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் ஜெரூஷா அவளைக் கணினி மேசைக்கு அழைத்தாள். ஆய்வுக்குழுவின் முன் தன் வேலைமுறையைக் காட்டுவதற்காக, ஹில்டா குழாய் மாற்றுவதை அவள் கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். எங்கே வெட்டலாம் என்று கேட்பதற்காகத்தான் அழைத்தது. திரையில் ஹில்டாவின் கை மட்டும் தெரிந்தது. முகமில்லாத கை. கண்ணாடி மறைப்புக்குப் பின்னால், கையுறைக்குள், யாரோ ஒரு பெண்ணின் கையைப் போல் அது அசைந்தது. சுடரில் கம்பி சிவந்தது, ஆறிற்று, தட்டின்மேல் தாழ்ந்தது. ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு காலனி, உலர்ந்த நாவற்பழம்போல் சுருங்கிக் கிடந்தது. கம்பி அதனருகே வந்தது. நடக்கிறவன் சாலையில் சேற்றைக் கண்டு, பேச்சை நிறுத்தாமலே விலகுவதைப் போல், அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அடுத்திருந்த வட்டமான, கொழுத்த, வெண்சாம்பல் பூத்த ஒன்றின்மேல் மென்மையாக இறங்கிற்று.

"இன்னொரு வாட்டி போடு."

"எதுக்குக்கா? இவ்ளோ அழகா பண்ணியிருக்கீங்க."

"நான் எடுத்ததைப் பாக்காத. எதை விடுறேன்னு பாரு."

ஜெரூஷா படத்தை மெதுவாக ஓடவிட்டாள். கை மறுபடியும் வந்தது, மறுபடியும் விலகிற்று. அடுத்த காலனிக்கும் அவ்வாறே, அதற்கடுத்ததற்கும் அவ்வாறே. தேர்ந்தெடுக்கிறோம் என்று ஹில்டா அறிந்து தேர்ந்தெடுத்ததில்லை. மேடவாக்கத்தில் கோணலையும் சுருக்கத்தையும் கண்டாலே பதறிப் பழகிய கை, ஏரிச் சேற்றிலிருந்து வந்த ஒன்றையும் கேன் தண்ணீரைப் பார்த்த கண்ணோடு பார்த்திருக்கிறது. நீலம் செய்கிறவை மெலிந்து, சுருங்கி, பின்தங்கி நின்றிருக்கின்றன. நீலத்தைத் தொலைத்தவை செழித்து நின்றிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அவள் செழித்தவற்றுக்கே புது வீடு தந்தாள். மற்றவை தட்டோடு ஆட்டோகிளேவுக்குப் போயின. சாதாரண உணவில் நிறம் தெரியாதாகையால், பல ஆண்டுகள் இது யாருக்கும் தெரியாமலே நடந்திருக்கிறது.

இருவரும் தனசிங்கின் அறைக்குப் போனார்கள். படத்தைக் காட்டியது ஜெரூஷா, சொன்னது ஹில்டா. தனசிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அந்த ப்ளேட்டைத்தான ஹில்டா, வரவன் போறவனுக்கெல்லாம் நான் காட்டினது. பாருங்க எவ்ளோ யூனிஃபார்மா இருக்குன்னு." அவர் சிரிக்க முயன்றார். "எனக்கும் ஒரு தடவைகூடத் தோணலையே."

குளிர் அறையில், தேதி வாரியாக அடுக்கப்பட்ட பழைய குழாய்கள் இன்னும் சில இருந்தன. ஒரே காலனியை எடுக்காமல் நாலைந்தைச் சேர்த்துப் பூசியது அவள் வழக்கமாதலால், அந்தக் கூட்டத்தில் தப்பிய ஒன்றிரண்டு இன்னும் ஒளிந்திருக்கக்கூடும். இருக்கும் குழாய்களில் மிகப் பழையவற்றைக் கரைத்து, நெருக்கமில்லாமல் பரப்பி, வளர்பவற்றில் மிகவும் அவலட்சணமானவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. டிசம்பர் கூட்டத்துக்குள் ஒருமுறைதான் இதைச் செய்துபார்க்க நேரமிருந்தது. அந்த ஒரு முயற்சி போதாமல் போகலாம் என்று தனசிங்கும் அறிவார்.

அந்தப் பணிக்கு உட்கார்ந்த காலையில் மழை பிடித்திருந்தது. கண்ணாடி மறைப்புக்குள் காற்று ஒரே சீராக இரைந்தது. மழையின் இரைச்சலும் அதனுடன் கலந்து, அறை முழுவதும் கடலுக்கடியில் அமிழ்ந்திருப்பதைப் போலத் தோன்றிற்று. தட்டில் காலனிகள் வளர்ந்திருந்தன. ஊர்வலத்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் போல் வட்டமானவை பளிச்சென்று முன்னால் நின்றன. அவற்றினிடையே, தாறுமாறாகத் தைத்த பொத்தான்களைப் போல், சில கோணலானவை. ஹில்டா கம்பியைக் காய்ச்சினாள், ஆற்றினாள், தாழ்த்தினாள். கை நேராகப் போய் வட்டமான ஒன்றின்மேல் நின்றது. அவள் கம்பியைத் தூக்கிவிட்டாள். மறுபடி காய்ச்சினாள். மறுபடியும் கை அங்கேயே போயிற்று. வலக்கையின் மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டாள். தன் கையை வேறொருவருடைய கையைப் போல், அவசரமில்லாமல், ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒருமுறை போனபின் வழி தெரிந்துவிட்டது. சுருங்கியது, பிளந்தது, பாதி உதிர்ந்தது, ஒன்றன்மேல் ஒன்றாய் முண்டியது என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஓட்ஸ் தட்டைக் கொடுத்தாள். கடைசியாக, காலனிதானா அல்லது கம்பி கீறிய தழும்பா என்று தெரியாத ஒரு துளி எஞ்சியிருந்தது. அதையும் எடுத்தாள்.

தட்டுகள் வளர்ப்பு அறையின் ஓர் அலமாரியை நிரப்பின. சில நாள்கள் கழித்து, கழிவுப் பை கட்ட வந்த பச்சையம்மா அவற்றைக் கண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது, சொறி புட்ச்சா மாரி கீது. கெட்டுப்போச்சா? எத்துக்கினு போய்ப் போட்றவா?"

"வேணாம் பச்சையம்மா. இது இருக்கட்டும்."

"உன் ப்ளேட்டு மாரியே இல்லியே" என்று பச்சையம்மா முணுமுணுத்தாள். பிறகு தானாகவே ஓர் அட்டையை எடுத்துவந்து, அலமாரிக் கதவில் தன் கையால் பெரிதாக 'தொடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

காத்திருந்த நாள்கள் மழையில் ஊறிக் கரைந்தன. முடிச்சூரில் தண்ணீர் ஏறுகிறது என்று செய்தி வந்தது, வடிந்தது என்று செய்தி வந்தது. ஷேர் ஆட்டோ கேம்ப் ரோட்டுத் தண்ணீரில் ஓடம்போல் அசைந்து போயிற்று. ஹில்டா ஒவ்வொரு காலையும் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, நேராக அலமாரிக்குப் போய், தட்டுகளை மூடியோடு தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். வெண்மை. மறுநாளும் வெண்மை. ஜெரூஷா அந்த அலமாரியின் பக்கமே வரவில்லை. ஆய்வுக்குழுவுக்காக, வேறு தலைப்புக்கான குறிப்புகளை அவள் தட்டச்சு செய்துகொண்டிருப்பது, கதவுக்கு அப்பாலிருந்து ஓயாமல் கேட்டது.

வழக்கமாக நீலம் வரும் நாள் வந்தது. அலமாரி வெண்மையாகவே இருந்தது. வழக்கம் என்பது வேகமாக வளர்ந்தவற்றின் வழக்கமல்லவா என்று ஹில்டா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை நம்பினாளா என்று கேட்டால், அவளுக்கே சொல்லத் தெரியாது.

அதற்குப் பின்னும் சில காலைகள் கழிந்தன. அன்று மழை வெறித்து, சன்னலில் வெயில் புதிதாக விழுந்திருந்தது. கீறலா காலனியா என்று தெரியாமல் எடுத்தாளே, அந்தத் தட்டை அவள் கடைசியில்தான் தூக்கினாள். வளர்ந்திருந்தது மிகக் கொஞ்சம். ஒரு சுருங்கிய வரி மட்டும். அடிப்பக்கத்தைத் திருப்பினாள். விரலில் ஏதோ படிந்திருப்பதாக எண்ணித் துடைக்கப் போனாள். துடைத்தும் போகவில்லை. அது விரலின்மேல் இல்லை, வெளிச்சத்தில் இருந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் கண் திறந்தபடியே ஜெபிக்கிறவர்களைப் போல், சற்று நேரம் இருந்தாள். அப்போது கனவு ஏதும் வரவில்லை. சாலை சாலையாக இருந்தது. லாரி லாரியாக இருந்தது. நீலம் மட்டும் தன் சின்ன வரிக்குள், தன் இடத்தில் இருந்தது.

பிறகு எழுந்து போய், ஜெரூஷாவின் விசைப்பலகையின்மேல் தட்டை வைத்தாள். தட்டச்சு நின்றது. ஜெரூஷா தட்டைத் தொடவில்லை. அதன் விளிம்பில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

"இது ரொம்ப மெதுவா வளரும்போலக்கா" என்றாள், குனிந்தபடியே. "எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும். நான் இங்கதான இருக்கேன்."

டிசம்பர் கூட்டத்தில் தலைப்பு மாறவில்லை. தனசிங் அந்த ஒற்றை வரியைத்தான் பெரிதாக்கித் திரையில் காட்டினார். குழுவில் ஒருவர், தட்டு சற்று அலங்கோலமாக இருக்கிறதே என்றாராம். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனசிங் பதில் சொன்னாராம். இதை ஜெரூஷா நடித்துக் காட்டியபோது பச்சையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போதெல்லாம் குழாய் மாற்றும்போது ஹில்டா தேர்ந்தெடுப்பதில்லை. தட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை கம்பியை ஒரே இழுப்பாக இழுத்து, வழியில் படுவதையெல்லாம் வாரிக்கொள்கிறாள். அவ்வப்போது ஓட்ஸிலும் இட்டு நிறம் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய தட்டுகள் இஸ்திரி போட்டவைபோல் இருப்பதில்லை. விருந்தினர்கள் வரும் நாளில் மட்டும் அவள் கை, அவற்றைச் சற்றே உள்ளே தள்ளிவைக்கப் பார்க்கிறது. அவள் அதன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறாள்.

ஒரு மாலை, ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மீண்டும் அவளுக்குக் கனவு வந்தது. மறைமலை நகரில், கணவருடைய தொழிற்சாலையில், சிவப்புத் தொட்டியின் முன்னால் அவள் நிற்கிறாள். உள்ளே கோணலும் மாணலுமாக வளையங்கள். ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள். பின்னால் ஏசுதாசன், லைன் நிற்கிறது, லைன் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே, தானும் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"அக்கா, சேலையூர் வந்துருச்சு" என்றார் ஓட்டுநர். ஹில்டா இறங்கினாள். எங்கோ அருகில் மழை பெய்திருக்க வேண்டும். சாலையோரத்து மண்ணிலிருந்து, தட்டின் மூடியைத் திறந்தாற்போல், அந்த வாசனை எழுந்தது.